சரிதா சொல்லாத ஒரு சொல்

பிரெஞ்சு டியூஷன் எடுத்து எத்தனையோ பேரை விமானம் ஏற்றிய எனக்குச் சரிதா வந்து வாய்த்தது யார் செய்த பாவமோ தெரியவில்லை. புதுச்சேரி உழவர்கரைப் பெண். கல்யாணமான கையோடு புருஷன் கமலக்கண்ணன் பிரான்சுக்கு வேலைக்குப் போய்விட்டான். இவளும் போய்ச் சேர வேண்டுமானால் வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும்.

மற்றதெல்லாம் கற்பூரமாய்ப் பிடித்துக்கொண்டவள், 'போ' என்கிற வினைச்சொல்லில் சிக்கினாள். 'து வா' என்றால் நீ போகிறாய் என்றேன்.

"வான்னா போறதா, இஃப்ஃபத் மிஸ்? வெளங்கிடும்!" என்று சிரித்தாள். ஆனாலும் சொன்னாள். 'அவள் போகிறாள்' என்பதை மாமியாரை நினைத்துக்கொண்டு ஆசை ஆசையாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள். 'ஜெ வே', நான் போகிறேன், என்றதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழம அதுவுமா யாருனா போறேன்னு சொல்லுவாங்களா மிஸ்?"

"எங்க வீட்லயும்தான் சொல்ல மாட்டோம். ஆனா இது பாடம்டி. பாடத்துக்கு ஏது சகுனம்?"

"எந்த பாஷைல சொன்னாலும் போறது போறதுதான மிஸ்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படித்த பெண் இப்படிப் பேசலாமா? கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில், "எழுந்து வெளிய போ" என்றேன்.

"வரேன் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேர்வன்று மனசு கேட்காமல் நானும் கூடப் போய் வாசலில் காத்திருந்தேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"சொன்னியாடி?"

"சொன்னேன் மிஸ். 'ஜெ வே'ன்னு சத்தமா, 'போயிட்டு வந்துர்றேன்'னு மெதுவா. நான் சாமி கும்புடறேன்னு நெனச்சிக்கினாரு கேள்வி கேட்ட அந்தத் தொர."

தேறிவிட்டாள். சாமி கும்பிட்டதற்கும் சேர்த்து மார்க் போட்டிருப்பார் போல.

சென்னை விமான நிலையத்துக்குப் போகிற வழியில் காரை என் வீட்டு வாசலில் நிறுத்தினாள். இனிப்பு கொடுத்தாள், என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கார் கிளம்பியதும், பாசாகிவிட்ட பெருமையில் ஜன்னல் வழியே தலையை நீட்டி, துளி பிசகாத உச்சரிப்பில் கத்தினாள்.

"ஜெ வே ஆன் ஃப்ரான்ஸ், மிஸ்!"

செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினேன்.

"ஏய், நிறுத்து! போயிட்டு வரேன்னு சொல்லுடி!"

கார் நின்றது. கதவை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் தமிழில் சொன்ன பிறகுதான் விட்டேன்.