ஆராய்ச்சி வாங்கிய லென்ஸ்

மனிதர் கண்ணுக்குப் போடும் லென்ஸை அவள் அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவாள். பன்னிரண்டு வருடமாகக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு அதுதான் வேலை. எழுத்தைப் படிக்கச் சொல்வாள், ஒன்றை மாற்றி ஒன்று போட்டுப் பார்ப்பாள், எது தெளிவு என்று கேட்பாள், முடிந்தது. வீட்டில் அவள் புருஷன் ஒரு கேமராவுக்கு லென்ஸ் பார்க்க ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

புருஷன் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். அவருக்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்தவன் அவள் தம்பி. ஒரு குடை வாங்கக்கூட நாலு கடை ஏறி இறங்கி, விரித்துப் பார்த்து, கம்பியை எண்ணி, மழைக்காலம் முடிந்த பிறகு வாங்குகிற ஆள். அந்தப் பெயரைக் கேட்டு அவருக்குக் கோபமாவது வந்ததா? இல்லை. ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி பெருமையாகச் சிரித்தார். அவளுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

படம் வேண்டும் என்று கேட்டவள் மகள். ஆறு வருடமாகப் பெண்கள் கால்பந்துக் குழுவில் கோல் கீப்பர். கூட விளையாடுகிற அத்தனை பேரிடமும் பந்தும் காலுமாக ஆளுயரப் படம் இருக்கிறது. இவளிடம் ஒன்றுகூட இல்லை. கேமரா வைத்திருக்கிறவர்கள் எல்லாம் கோல் போடுகிறவள் பின்னால்தானே ஓடுவார்கள், மறுகோடியில் தனியாக நின்று தடுக்கிறவளை யார் சீண்டுகிறார்கள்? இதற்கு நடுவில் முழங்கால் இரண்டாவது தடவை பிசகியது. இந்த சீசன் கடைசி மேட்ச்சோடு பந்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"அப்பா, ஒரே ஒரு படம். நான் பாயற மாதிரி. நீங்களே எடுத்துக் குடுங்க," என்றாள் மகள்.

"எடுத்துட்டா போச்சு. ஆனா இப்ப இருக்கற லென்ஸு அவ்வளவு தூரம் எட்டாதும்மா. ஜூம் ஒண்ணு வாங்கணும்," என்றார் ஆராய்ச்சி.

அன்றைக்குப் பிடித்தது சனி.

கேமரா கம்பெனிக்காரனே விற்கிற ஜூம் லென்ஸின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் வேறு கம்பெனிகள் அதே கேமராவுக்குப் பொருந்துகிற மாதிரி செய்யும் மலிவு லென்ஸ்தான் என்று முடிவானது. அதுவரை சரி. அப்படி மூன்று இருந்தன. ஒன்று லேசானது, வெளிச்சம் குறைந்தால் தடுமாறும். ஒன்று நன்றாக எட்டும், தூக்கினால் தோள் போய்விடும். இன்னொன்று பக்கத்தில் இருப்பதையும் எடுக்கும், தூரத்தில் இருப்பதையும் எடுக்கும், ஆனால் படத்தின் ஓரம் கொஞ்சம் மங்கும். ஒரு சாயங்காலத்தில் முடிகிற சமாசாரம். இவர் ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினார். எவனோ ஒருத்தன் வீட்டுச் சுவரை இந்த லென்ஸில் எடுத்த படம், அதே சுவரை அந்த லென்ஸில் எடுத்த படம் என்று கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மூக்கு திரையில் இடிக்கப் பார்த்தார்.

"இங்க பாரு, ஓரத்துல மங்குது."

"நடுவுல நல்லாத்தானே இருக்கு? பொண்ணு நடுவுலதானே நிக்கப்போறா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

புரியாதாம். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குக் கண்ணாடி மாட்டி அனுப்புகிறவளுக்கு லென்ஸைப் பற்றிப் புரியாதாம். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேட்ச்சுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பொறுமை போய், அவளே அவரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இன்னைக்கு நீங்க வாங்கலைன்னா நான் கண்ண மூடிட்டு ஏதாவது ஒண்ணக் கைய வச்சு எடுத்துட்டு வந்துருவேன்," என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். உள்ளே முக்கால் மணி நேரம் முனகிவிட்டு, கடைசியில் அந்த ஓரம் மங்குகிற லென்ஸையே எடுத்தார். பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்றதும்தான் மனிதருக்கு மூச்சே வந்தது.

கடைக்காரர் பெட்டியைக் கட்டுவதற்கு முன் ஒரு விஷயம் சொன்னார். "சார், உங்க பழைய லென்ஸுல ஜூம் வளையம் இடது பக்கம் சுத்தினா கிட்ட வரும். இதுல நேர் எதிர். வலது பக்கம் சுத்தணும். நாலு நாள் கையில வச்சு, ஓடற ஆடற ஆளுங்களா எடுத்துப் பழகிக்குங்க. இல்லன்னா அவசரத்துல கை தானா பழைய பக்கம் போயிரும்."

"அதெல்லாம் படிச்சாச்சு," என்றார் ஆராய்ச்சி, பெரிய மனிதத் தோரணையில்.

படித்தவர் என்ன செய்தார்? வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் ஓரமாகக் கேமராவுக்கான முக்காலியை நிறுத்தி, கேமராவை மாட்டி, எதிர்வீட்டுச் செங்கல் சுவரை எடுக்க ஆரம்பித்தார். வளையத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பார்த்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி நிதானமாகத் திருப்பி, ஒவ்வொரு எண்ணுக்கும் பத்துப் படம். மறுநாளும் சுவர். அதற்கு மறுநாளும் சுவர். எதிர்வீட்டு அம்மா என்ன நினைத்தாளோ, மூன்றாம் நாள் ஜன்னலுக்குக் கனமாக ஒரு திரை போட்டுவிட்டாள். இவள் தெருவில் தலை நிமிர முடியவில்லை.

"கீழ போய் சைக்கிள்ல போறவங்க யாரையாவது எடுத்துப் பாருங்களேன். கடைக்காரர் அவ்வளவு சொன்னாரே."

"ஓடற ஆளை எடுத்தா லென்ஸோட குறை தெரியாது. செங்கல்தான் பொய் சொல்லாது."

"நம்ம பொண்ணு செங்கல் இல்லைங்க."

அவர் காதில் வாங்கவில்லை. ஓரத்துச் செங்கல் மங்கலாக இருந்தது.

மேட்ச் காலையில். மைதானத்துப் பார்வையாளர் மேடையில் பாதிக்கு மேல் காலி. தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம் என்று அவள் சொன்னதற்கு, மேல் படியிலிருந்துதான் கோணம் சரியாக வரும் என்றார். வரட்டும் என்று விட்டாள். மகளின் குழு ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தது. மகள் முட்டியில் பட்டையைச் சுற்றிக்கொண்டு கோலில் நின்றாள். ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பந்து அந்தப் பக்கம் சரியாக வரவே இல்லை. இவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கோல் கம்பத்தை ஒரு படம் எடுத்து, திரையில் அதன் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எதிர்க் குழுவுக்குப் பெனால்டி கிடைத்தது. உதைக்கிறவளும் இவள் மகளும் மட்டும். இனிமேல் இப்படி ஒன்று வராது. படிகளில் தடதடவென்று இறங்கிக் கம்பியைப் பிடித்தாள். பிடித்த கையோடு மேலே திரும்பி, "ஏங்க, எடுங்க," என்றாள்.

விசில் அடித்தது. பந்து கிளம்பியது. மகள் தன் இடது பக்கம் பாய்ந்தாள். உடம்பு முழுக்கத் தரைக்கு மேலே, பலகை வைத்த மாதிரி நேராக நீண்டு, விரல் நுனியால் பந்தைத் தட்டி வெளியே விட்டாள். தாய்க்காரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. குதித்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது ஆராய்ச்சி கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி, வளையத்தை முறைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்லை. முட்டியில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு மகள் கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வந்துச்சாப்பா?"

படம் வந்தது. மகளைக் கிட்டே இழுக்க வேண்டிய நேரத்தில் அவர் கை பழைய பழக்கத்தில் இடது பக்கம் சுற்றி, எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளியிருந்தது. வானம், மைதானம், மேடை, காலி நாற்காலிகள் எல்லாம் இருந்தன. நடுவில், எங்கோ, கோல் வலைக்கு முன்னால் கடுகளவுக்கு ஒரு மஞ்சள் சட்டை. பாய்கிறதா, விழுந்து கிடக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. ஐந்து மாதம் ஆராய்ந்தவர் அரை விநாடியில் கோட்டை விட்டிருந்தார்.

அவர் அதைப் பெரிதாக்கினார். மஞ்சள் கட்டங்களாக உடைந்தது. பிறகு, பழக்க தோஷம், படத்தின் ஓரத்துக்குப் போனார்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல? கீழ் மூலை எப்படி மங்குது பாரு. அதுவும் எவளோ ஒரு பொம்பளை கையைத் தூக்கிட்டுக் குறுக்க நிக்கறா."

மகள் திரைக்கு அருகே குனிந்தாள்.

"அப்பா," என்றாள் மகள் மெதுவாக. "அது அம்மா."

அவர் குனிந்து பார்த்தார். சேலையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். முகம் மங்கலாகத்தான் இருந்தது. காது சிவந்துவிட்டது. அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"தப்பு லென்ஸு மேலதான். திருப்பிக் குடுக்க இன்னும் ரெண்டு நாள் இருக்கு. மாத்தி அந்த இன்னொண்ண வாங்கிரலாம்."

"மாத்துங்கப்பா," என்றாள் மகள். "எனக்குத்தான் இனிமே மேட்ச் இல்ல." ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நொண்டியபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

தாய்க்காரி அந்தச் சாத்திய கதவைப் பார்த்தாள். போய் ஜன்னலைத் திறந்தாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எந்த லென்ஸ வேணும்னாலும் வாங்குங்க," என்றாள். "அந்தச் சுவரு எங்கயும் போகாது. அதையே எடுத்துட்டு இருங்க."