பல்செட்டுக்கு முன், பல்செட்டுக்குப் பின்

கரடி என்ற பெயர் முப்பது வருடத்துக்கு முன்னால் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது அவர் ஒரு ஹெவி மெட்டல் குழுவின் பாடகர். இடுப்புவரை முடி, ஒரே மூச்சில் நீண்டுகொண்டே போகும் அலறல். இப்போது முடி இல்லை. லிஃப்ட் பழுது பார்ப்பது பிழைப்பு. அலறல் மட்டும் கூடவே இருந்தது. லிஃப்ட் குழிக்குள் தனியாக நிற்கும்போது அவ்வப்போது அதை எடுத்துவிட்டுப் பார்ப்பார். யாரோ நசுங்கிவிட்டார்கள் என்று மேல்மாடிக்காரர்கள் பதறி ஓடிவந்ததும் உண்டு.

குழுவின் கிடார்க்காரர் அவருடைய தங்கையைக் கட்டியவர். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பாட்டெல்லாம் கிடார்க்காரர் எழுதுவது. வெகுநாள் இடைவெளிக்குப் பிறகு புதிதாக ஒரு ஆல்பம் போடலாம் என்று கிளப்பியதும் அவர்தான். ரசிகர்கள் நச்சரிக்கிறார்கள் என்றார். யார் யார் என்று தங்கை விசாரித்தபோது பேச்சை மாற்றிவிட்டார்.

ஒரு அச்சகத்தின் பின்கட்டில் ஒலிப்பதிவுக்கூடம். முன்பக்கம் எந்திரம் ஓடினால் தரை அதிரும் என்பதால் அச்சகம் சாப்பாட்டுக்கு மூடும் நேரத்தில்தான் பாட வேண்டும். முதல் நான்கு பாட்டுகள் சிக்கலில்லாமல் முடிந்தன. கரடியின் குரல் பழைய குரலேதான். கிடார்க்காரர் சந்தோஷத்தில் ஒலிப்பதிவாளர் பெண்ணின் தோளில் தட்டி, அவள் முறைத்த பிறகு கையை எடுத்தார்.

அந்த வாரமே கரடி வேலையிடத்தில் மின்கம்பி ஒன்றின் உறையைப் பல்லால் உரித்தார். கம்பி உரியவில்லை. முன்பல் இரண்டு கம்பியோடு வந்தன.

"ரெண்டுதானேன்னு நினைக்காதீங்க," என்றார் பல் டாக்டர். "மேல் வரிசை மொத்தமா ஆட்டம் கண்டிருக்கு. எல்லாத்தையும் எடுத்துட்டு செட் வச்சுக்கிறதுதான் ஒரே வழி."

"பாட முடியுமா?"

"பேசலாம், சாப்பிடலாம். பாட்டைப் பத்தி எனக்குத் தெரியாது. மெல்லிசைதானே?"

கரடி தலையாட்டிவிட்டு வந்தார்.

புண் ஆறி, செட் மாட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனபோதுதான் சங்கடம் புரிந்தது. கிடார்க்காரர் எழுதும் பாட்டில் சவம், சங்கிலி, சாம்பல், சிம்மாசனம் இல்லாமல் ஒரு வரி இருக்காது. ஒவ்வொரு 'ச'வுக்கும் செட்டின் இடுக்கில் விசில் கிளம்பியது. ஐந்தாவது பாட்டையும் ஏழாவது பாட்டையும் எப்படியோ ஒப்பேற்றினார்கள். ஆறாவதில்தான் ஆல்பத்திலேயே பெரிய அலறல். கரடி மூச்சை இழுத்து, வாயை முழுக்கத் திறந்து, அடிவயிற்றிலிருந்து எடுத்தார். பல்செட் பறந்துபோய் மைக்கின் வலையில் மோதிக் கீழே விழுந்தது.

டிரம்ஸ்காரர் சிரித்துவிட்டார். கரடி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து தேடினார். கிடார்க்காரர், "நீ போய் ரெஸ்ட் எடு மச்சான். இருக்கிறத வச்சு நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பி வைத்தார்.

அவர் பார்த்துக்கொண்டது எப்படி என்பது மாதக் கடைசியில் தெரிந்தது. முடிந்த பாட்டுகளைக் கேட்க எல்லாரும் கூடத்தில் கூடினார்கள். தங்கையும் வந்திருந்தாள். நான்கு பாட்டுகள் ஓடின. ஐந்தாவதில் விசிலை முடிந்தவரை மழுப்பியிருந்தார்கள். ஆறாவது தொடங்கியது. அந்த அலறல் வந்தது. நீண்டு, உயர்ந்து, உச்சியில் நின்று, உடையாமல் இறங்கியது. முப்பது வருடத்துக்கு முந்தைய கரடி.

பாட்டு முடிந்ததும் கரடி கிடார்க்காரர் பக்கம் திரும்பினார்.

"இத நான் எப்ப பாடினேன்?"

"நீ பாடினதுதான். கொஞ்சம் சரி பண்ணோம்."

"மச்சான். மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

கிடார்க்காரர் பார்க்கவில்லை. "ஒருத்தன் இருக்கான். நம்ம பழைய பாட்டெல்லாம் அச்சு அசலா உன்ன மாதிரியே பாடுவான். ஒரே ஒரு பாட்டுதானே, யாருக்குத் தெரியப் போகுது?"

"நல்லா பாடியிருக்கான்."

"அதான் நானும்..."

"என்னைவிட நல்லா பாடியிருக்கான். அவன் பேரப் போட்டு விடு, நான் ஒண்ணும் சொல்லல."

"அவன் பேரப் போட்டா கரடி பாடலன்னு தெரிஞ்சிடுமே!"

"பாடலதானே."

தங்கை கணவன் பக்கம் திரும்பினாள். "உங்க கிடார வேற யாராவது வாசிச்சு உங்க பேர்ல விட்டா நீங்க சும்மா இருப்பீங்களா? வீடு தாங்குமா?"

"அப்போ யாரு பாடுறது? செட்டு நிக்க மாட்டேங்குதே!" என்று கத்தினார் கிடார்க்காரர்.

கரடி எழுந்து பாடும் அறைக்குள் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். மேலுதடு உள்வாங்கி முகம் சட்டென்று வேறு யாருடையதோ ஆனது. அண்ணனை அப்படி ஒருநாளும் பார்த்திராத தங்கை கண்ணாடியருகே வந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்துவிட்டு மைக் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறாவது பாட்டைக் கீழ்க்குரலில், கிட்டத்தட்டப் பேசுவதுபோலப் பாடினார். அலறல் வர வேண்டிய இடத்தில் வெறும் மூச்சை விட்டார். இன்னொரு முறை பாடச் சொல்லி ஒலிப்பதிவாளர் கேட்டபோது வேண்டாம் என்று கை காட்டினார்.

"சவம்னு எழுதினேன்," என்றார் கிடார்க்காரர். "தவம்னு கேக்குது."

"கேக்கட்டும்," என்றாள் தங்கை.

ஆல்பம் அப்படியே வெளிவந்தது. விமர்சனம் எழுதியவர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: சமமில்லாத ஆல்பம். முதல் நான்கு பாட்டுகளில் பழைய மிருகம் திரும்பி வந்துவிட்டது, பிறகு எங்கேயோ தொலைந்துபோனது என்றார் ஒருவர். ஆறாவது பாட்டைக் கேட்டு வெட்கப்பட்டதாக ஒரு பழைய ரசிகர் எழுதினார். இன்னொருவரோ சவத்திலிருந்து தவத்துக்கு வந்த பயணம் என்று ஒரு பக்கம் நிரப்பியிருந்தார். வானொலிப் பேட்டியில் அதைக் கேட்டபோது, எழுதும்போதே இரண்டு அர்த்தமும் மனதில் இருந்தது என்றார் கிடார்க்காரர், குரல் கொஞ்சமும் தடுமாறாமல். லிஃப்ட் மேற்கூரையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த கரடி, அன்று மாலை தங்கைக்குப் போன் செய்து வெகுநேரம் சிரித்தார்.

ஆனால் அந்த முதல் நான்கு பாட்டுகளை அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஏன் என்று தங்கை ஒருமுறை கேட்டாள். "பல்லு இருந்த அந்த ஆளு நல்லா பாடுறான். எனக்கு அவனத் தெரியும், அவ்வளவுதான்" என்றார்.

வெளியீட்டு நிகழ்ச்சிக்கு ஒரு சின்ன அரங்கம் கிடைத்தது. ஒத்திகையில் பழைய பாட்டு ஒன்றை எடுத்தார்கள். கரடி செட்டை நாக்கால் அழுத்திப் பிடித்து, எட்டாத உயரத்துக்குத் தயாராக மூச்சை இழுத்தார். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஸ்ருதி நன்றாக இறங்கியிருந்தது. வாயை முழுக்கத் திறக்காமலே குரல் போய்ச் சேர்ந்தது.

பாட்டை நிறுத்தினார். "மச்சான், ஸ்ருதி..."

"ஹால் சின்னது," என்றார் கிடார்க்காரர், ஆம்ப்ளிஃபயர் திருகுகளை நோண்டியபடி. "மேல போனா இரையும்."

அரங்கம் ஒன்றும் அவ்வளவு சின்னது இல்லை. கரடி டிரம்ஸ்காரரைப் பார்த்தார். அவர் குச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, முதல்லேருந்து எடு," என்றார் கரடி.