அரிசி அறைப் பூட்டு

ஆவடிக்கு அப்பால் இருந்த அந்தச் சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் எண்பத்தெட்டாம் வருஷ வாக்கில் சனிக்கிழமைதோறும் நன்னெறி வகுப்பு நடக்கும். எடுப்பவர் அம்பத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் வரலட்சுமி டீச்சர். பூட்டைத் திறந்து திருடிய கேசில் உள்ளே வந்த வேம்புலியை, இனிமேல் பூட்டில் கம்பி விடுவதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு பையன் தங்கக் கம்பி. சூப்பிரண்டெண்டு சம்பத்தே மனம் குளிர்ந்து, வருகிற திங்கட்கிழமை அவனை வீட்டுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டிருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகர டப்பா கம்பெனியில் வேலை பார்க்கும் அவன் அம்மா தாயம்மா அன்றைக்கு லீவுகூடச் சொல்லிவிட்டாள்.

அதற்கு முந்தின சனிக்கிழமை பார்த்தா அரிசி அறைச் சாவி தொலைய வேண்டும்? சமையல்கார நாகப்பன் மடியை உதறினார், அடுப்படியைக் கிளறினார், சாவி இருந்தால்தானே. பூட்டை உடைக்கலாம். உடைத்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சம்பத்துக்கு அதைவிடப் பட்டினியே மேல். பகல் சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. பையன்கள் காலித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"டேய் வேம்புலி, ஒரு கம்பி எடுத்துட்டு வாடா" என்றார் சம்பத்.

"வாணாம் சார். கற்பூரம் அணைச்சிக்கீறேன்."

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இவன் சத்தியம் மட்டும் பறக்கவில்லை. டீச்சருக்குப் பெருமையில் கண் கலங்கியது. ஆனால் கடைசி வரிசைப் பொடியன்கள் தண்ணீரைக் குடித்தே வயிற்றை நிரப்புவதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது?

"திற கண்ணு. நான் சொல்றேன்" என்றார்.

கண் மூடித் திறப்பதற்குள் பூட்டு வாயைப் பிளந்தது. பையன்கள் விசிலடித்தார்கள். வேம்புலியும் வெட்கத்தோடு சிரித்தான். சம்பத் மட்டும் சிரிக்கவில்லை.

"கை இன்னும் மறக்கலியே டீச்சர். இவனை எப்படி வெளிய விடறது? இன்னொரு ஆறு மாசம் இருக்கட்டும்" என்று டீச்சரிடம் மட்டும் தணிந்த குரலில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். நடுவில் மாட்டிக்கொண்டது பையன். சாப்பாட்டுப் பந்தியில் சேதி தெரிந்ததும் வேம்புலி அழவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு டீச்சரிடம் வந்தான்.

"டீச்சர், இனிமே சத்தியத்த காப்பாத்தட்டா, சொன்ன பேச்சு கேக்கட்டா? இன்னா பண்ணா ஊட்டுக்கு உடுவாங்க?"

"என்னைக் கேக்காத, வா" என்று டீச்சர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நேரே சம்பத் அறைக்குப் போனார்.

சம்பத் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். வேம்புலி திறந்துவிட்ட அறையிலிருந்து எடுத்த அரிசிதான்.

"அவரைக் கேளு" என்றார் டீச்சர். ஒரு வார்த்தை குறையாமல் கேட்டான்.

பிசைந்த கை அப்படியே நின்றது. கவளம் வாய்க்குப் போகவில்லை. தலையைத் தூக்காமலே, "திங்கட்கிழமை உங்கம்மா வரட்டும். போ" என்றார்.

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேம்புலி நகரவில்லை.

"சரி சார். நான் கேட்டதுக்கு பதிலு?"