வேண்டா குடிக்காத தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு தவறான கதையிலிருந்து பிறந்தது. அந்தத் தவறான கதையையும் நான்தான் எழுதினேன். [முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அவமானம்.]

அதில் ஒரு தையல்காரப் பெண் வருவாள். சிங்கப்பெருமாள் கோயில் மாடவீதியில் ஓர் ஐயங்கார் டீச்சர் வீட்டுக்கு ஜாக்கெட் தைத்துக் கொண்டுவருவாள். டீச்சர் உட்காரச் சொல்வாள், தண்ணீர் நீட்டுவாள். அவள் உட்காரவும் மாட்டாள், குடிக்கவும் மாட்டாள். தன் பாட்டனுக்கு அந்த வீட்டில் தீட்டென்று எட்ட நின்று கையில் தூக்கி ஊற்றிய தண்ணீருக்கு அதுதான் பதில் என்று அவள் கண்கள் சொல்வதாக முடித்திருந்தேன். பத்திரிகையில் வந்தது. நாலு பேர் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டீச்சர் நான். தையல்காரி வேண்டா. [நாலாவது பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர். நான் வைத்ததல்ல.]

2

தொடக்கம், முதல் வரைவு: 'வேண்டா படியேறி வரும்போது அவள் முகத்தில் ஓர் இனம்புரியாத' — இல்லை. அப்படி ஒன்றும் இல்லை. அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். அவள் மகள் திவ்யா என் கதையை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். வேண்டா பத்திரிகையோடு வந்து, வழக்கம்போல நின்றுகொண்டே சொன்னாள்.

"ரோஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல டீச்சர். எனக்கு மூத்திரம் ஒழுகிகினே கீது. தண்ணி குடிச்சா இன்னும் ஒழுகும். குந்தினா உங்க சோபா நனைஞ்சிடும். அதான்."

இரண்டு வருடமாக. கர்ப்பப்பையை எடுத்த பத்தாம் நாளிலிருந்து. கணவன் எல்லப்பன் அவள் பாயைத் தையல் மிஷின் கிடக்கும் அறைக்கு மாற்றிவிட்டான். ஆவணியில் திவ்யாவுக்குக் கல்யாணம். மனையில் தாய் ஸ்தானத்தில் ஓரகத்தி உட்காரட்டும் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். இவளும் தலையாட்டியிருக்கிறாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

நான் எழுதிய ரோஷமாகவே அது இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர்கள் இதை ஃபிஸ்டுலா என்கிறார்கள். வேண்டா 'அது' என்கிறாள். பிரசவ வலி நாள்கணக்கில் இழுத்தால், குழந்தையின் தலை மூத்திரப்பையை இடுப்பெலும்போடு வைத்து நசுக்கும். ரத்தம் ஓடாத சதை செத்துப்போய், சில நாளில் அங்கே துளை விழும். பிறகு அடக்க முடியாது. இரவும் பகலும் பிறப்புறுப்பு வழியே சொட்டிக்கொண்டிருக்கும். நம் பக்கத்தில் இப்போது இது குறைவு. அறுவைச் சிகிச்சையில் வருவதுதான் அதிகம். சிசேரியன் தழும்பில் மூத்திரப்பை ஒட்டிக்கொண்டிருக்கலாம். கர்ப்பப்பையைப் பிரித்தெடுக்கும்போது மூத்திரப்பை கிழியலாம், தையலில் மாட்டலாம். வேண்டாவுக்கு இரண்டு சிசேரியன்.

வேண்டாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அங்கே டாக்டரம்மா இதைப் படம் போட்டுக் காட்டினார். தண்ணீரைக் குறைப்பது தப்பு, புண்ணும் நாற்றமும்தான் கூடும் என்றார். வேண்டா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாசாமாசம் ரத்தம் கொட்டுற பெரும்பாடு தாங்காம, கர்ப்பப்பைய எடுத்துடுங்கன்னு நான்தானே கேட்டேன். அதுக்குத்தான் இதுன்னு நெனச்சிகினு இருந்தேன். அப்ப என் தப்பு இல்லியா?"

டாக்டரம்மா இல்லை என்றார். அவள் நம்பாமல் என் பக்கம் திரும்பினாள். நானும் இல்லை என்றேன். [மாவட்டத்தையே கூட்டிவந்து சொல்லவைத்திருப்பேன்.]

4

ஆபரேஷனுக்கு வேண்டாவைச் சேர்த்த வார்டில் பக்கத்துக் கட்டில்காரியைக் கதையில் சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடப்பாக்கத்துப் பூங்கொடி. முதல் பிரசவத்தில் இரண்டு நாள் வலி. பிள்ளையும் பிழைக்கவில்லை. இருபத்தாறு வருடம் இப்படியே வாழ்ந்திருக்கிறாள். தைத்து மூடலாம் என்று அவளுக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை. கதைக்கு அவள் தேவையில்லைதான். இத்தனை வருடம் அவளை எல்லோரும் ஒதுக்கியது போதாதா? இருக்கட்டும்.

5

வேண்டாவுக்குத் தைத்தாயிற்று. மூன்று வாரம் குழாயோடு கிடந்தாள். இன்று சோதனை. மூத்திரப்பையில் நீலச் சாயத் தண்ணீரை ஏற்றி, பிறப்புறுப்புக்குள் வெள்ளைத் துணி வைத்துப் பார்ப்பார்கள். துணி வெள்ளையாகவே வந்தால் துளை மூடிவிட்டது. நீலம் பட்டிருந்தால் சில மாதம் பொறுத்து மறுபடியும் ஆபரேஷன். கல்யாணம் அதுவரை பொறுக்காது.

முடிவு (அ): துணி வெள்ளை. வேண்டா மனையில் உட்காருகிறாள். பக்கத்தில் எல்லப்பன் — [அவனை அங்கே உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை.]

முடிவு (ஆ): துணியின் ஓரத்தில் நீலமாக ஒரு — [கை ஓடவில்லை.]

உள்ளே கூப்பிட்டார்கள். வேண்டா எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"கதையில எனக்கு இன்னா ஆச்சுன்னு எழுதிகீறீங்க டீச்சர்?"

இரண்டு முடிவும் என் கைப்பையில் இருந்தன. இன்னும் எழுதவில்லை என்று பொய் சொன்னேன்.

"எழுதாதீங்க. மொதல்ல நான் போயி பாத்துட்டு வரேன்."

கதவைச் சாத்திவிட்டார்கள். பேனாவை மூடிவிட்டேன். இந்த பெஞ்சில் இடம் இருக்கிறது, நீங்களும் உட்காருங்கள். அவளே வந்து சொல்லட்டும்.