பின் சக்கரம் தொங்கும்போது

என் அக்காவைக் கட்டியவர் பல் டாக்டர். ஐம்பது வயதில் அவருக்கு ஒரு ஆசை வந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, என் வயதுள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வாசலில் நிறுத்தினார். அதில் ஏறினால் இடுப்பு போகும், இறங்கினால் மானம் போகும்.

அதற்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், கம்பி வலை சுற்றிய பிரேக் ஹோஸ் எல்லாம் புதிதாக வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை அக்காவை உட்கார வைத்து மலைப்பாதையில் ஓட்டிப் போகவேண்டுமாம். எல்லாவற்றையும் தன் கையாலேயே மாட்டப்போவதாக ஒரு மாதமாக அவளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் ரகசியமாக எனக்குப் போன் செய்து, வந்து மாட்டித் தரச் சொன்னார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பஸ் டிப்போவில் பிரேக் பிரிவில் எனக்கு இருபது வருஷம். பழம் தின்று கொட்டை போட்டவள்.

ஷெட்டில் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார். வெள்ளைத் துண்டு விரித்து ஸ்பானர்களை அளவுவாரியாக அடுக்கியிருந்தார். கையுறை வேறு.

"என்ன அத்தான், பேஷண்டுக்கு ஊசி போட்டாச்சா?"

சிரித்தார். நான் எத்தனை கிண்டல் செய்தாலும் இந்த மனிதருக்குக் கோபம் வராது. அதுவே எனக்கு எரிச்சல்.

பழைய ஷாக்கைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். அடுத்து, சக்கரத்துக்கு பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ஹோஸ். டார்ச் பிடித்தபடி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"புது ஷாக் பழசைவிட நீளம். சக்கரம் இன்னும் கீழ தொங்குது. ஹோஸ் மட்டும் பழைய நீளந்தான். இழுத்துப் பிடிச்சாப்ல இருக்கே?"

படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சும்மா இல்லை.

"ரோட்டுல சக்கரம் தரையில இருக்குமா, அந்தரத்துல தொங்குமா? இறக்கிக் காட்டறேன், பாருங்க."

இறக்கினேன். ஹோஸ் தளர்ந்து வளைந்து நின்றது.

"பல்லைப் பாக்கறது நீங்க, பிரேக்கைப் பாக்கறது நான்" என்றேன். அவர் டார்ச்சை அணைத்தார்.

ஞாயிறு காலை வேடிக்கை பார்க்கவென்றே போனேன். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"முதல்ல தனியா ஒரு சுத்து போயிட்டு வராராம். அப்புறந்தான் என்னை ஏத்துவாராம்."

"தான் மாட்டின பிரேக்கு மேல அவருக்கே நம்பிக்கை இல்லை" என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரித்து முடிப்பதற்குள் தெருக்கோடியில் சத்தம் கேட்டது. ஓடினோம். வண்டியின் மூக்கு ஒரு மதில்சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அத்தான் சுவரோரம் உட்கார்ந்து கைக்குட்டையால் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தார். வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பிரேக் மிதி தரையோடு போய்விட்டதாம். கைபிரேக்கை இழுத்து, சுவர் பக்கம் திருப்பியிருக்கிறார்.

குனிந்து பார்த்தேன். வேகத்தடையில் சக்கரம் தொங்கியிருக்கிறது. நீளம் போதாத ஹோஸ் இணைப்பிலிருந்து பிய்ந்து வந்திருந்தது. பழைய வண்டி; நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் லைன், ஓரிடத்தில் பிய்ந்தால் நாலு பிரேக்கும் போச்சு. பிரேக் எண்ணெய் முழுக்கத் தெருவில் கிடந்தது. டிப்போவில் யாராவது ஹோஸை இப்படி மாட்டியிருந்தால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பேன். இதே வண்டி மலைப்பாதையில், அக்காவோடு, இறக்கத்தில். நானெல்லாம் ஒரு பிரேக் மெக்கானிக்.

அக்கா அழுதுகொண்டே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நானே மாட்டுவேன்னு என்னங்க வீம்பு? இருபது வருஷமா இதே வேலையா இருக்கா இவ. ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

வாயைத் திறந்தேன். அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கேட்டிருக்கணும்" என்றார். "அடுத்த தடவை இவளையே மாட்டச் சொல்றேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மாட்டித் தருவியாடி?"

"தரேன்க்கா" என்றேன்.