கண் மூடிய படம்

“அப்பாவ வரைஞ்சுக்கட்டுமா?” என்று சத்யப்பிரியா அக்கா என்னைக் கேட்டபோது அப்பா டயாலிசிஸ் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா சிதம்பரத்தில் ஓவியம் படிக்கிறவர். கடலூரில் நாங்கள் போகும் ஆஸ்பத்திரியின் நடைபாதையில் அவரும் கூட்டாளிகளும் படங்கள் மாட்டப்போகிறார்களாம். பார்த்தால் நோயாளிகளுக்கு மனசு தேறுமாம்.

அப்பா எழுந்ததும் கேளுங்கள் என்று சொல்ல நினைத்தேன். புது ஆட்களிடம் எனக்குக் குரல் வராது. பள்ளிக்கூடத்தை விட்டபோது ஏன் என்று கேட்ட டீச்சரிடமும் தலையைத்தான் ஆட்டினேன். அன்றும் ஆட்டினேன். அக்கா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அப்பா பெயர் சபாபதி. முதுநகர் ஐஸ் கம்பெனியில் பாரம் ஏற்றியவர். அம்மா இறால் உரிக்கப் போவதால் செவ்வாயும் வெள்ளியும் அவரை அழைத்து வருவது என் வேலை. ஒரு தடவை விட்டாலும் உடம்பில் நீர் ஏறிவிடும், அப்புறம் மூச்சுக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பஸ் ஸ்டாப்பில் ஒவ்வொரு முறையும் அப்பா நிற்பார். “இன்னியோட போதும் மதி. மிஷினு என் ரத்தத்த மொத்தமா குடிக்குது. நான் ஒரு கிளாஸ் டீ குடிச்சா மட்டும் குத்தமாம்.”

நான் சிரிப்பேன். அவரும் சிரித்துவிட்டு ஏறுவார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் வீட்டில் எல்லோரும் இருந்தோம்.

போன செவ்வாய்க்கிழமை அவரை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டோக்கன் வாங்க உள்ளே போனேன். சுவர் முழுக்கப் படங்கள். பிச்சாவரத்துத் தண்ணீர், தேர், முந்திரிப் பழம். நடுவில் அப்பா. முகம் மட்டும். கண் மூடி, கறுப்புச் சட்டத்துக்குள், கண்ணாடிக்குப் பின்னால். முந்தின நாள் திறப்பு விழாவுக்கு ஏற்றிய குத்துவிளக்கு அதற்கு நேர் கீழே நின்றது. சட்டத்தின் மேல் மல்லிகைச் சரம். நெற்றியில் குங்குமம்.

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி ஆயா இருசம்மாள் நிமிர்ந்தார். “நல்லா இருந்திருக்காரு மனுசன், இல்ல? வெளக்கு வெச்சவுங்க ஒரு பூ வெக்கல பாரு. மனசு கேக்கல, நாந்தான் வாங்கியாந்து போட்டேன்.”

அவர்மேல் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவர் முகத்துக்குக் கீழே யார் விளக்கு வைப்பார்கள்? இது எங்கப்பா, வெளியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது தொண்டைவரை வந்தது. பூவை எடுத்துவிட எம்பித் தொட்டேன்.

“ஏ பொண்ணு, படத்துல கை வெக்காத!” என்று செக்யூரிட்டி அதட்டினார். கை தானாக இறங்கிவிட்டது.

ஓடிப்போய் அப்பாவிடம், “பின்பக்கமா போலாம்ப்பா” என்றேன்.

“ஏன், அங்க செவப்புக் கம்பளம் விரிச்சிருக்கானா?”

பின்கதவு பூட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் நடைபாதைக்கே வந்தோம். படம் அவர் கண்ணில் படாமல் மறைத்தபடி நான் சுவரோரமாக நடந்தேன். அவர் தோளுக்குக்கூட நான் எட்டவில்லை.

படத்தின் முன்னால் இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஒருவர் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “சாவுற வயசா இது? பொண்டாட்டி புள்ளைங்க இன்னா பண்ணுதுங்களோ.”

மற்றவர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி அப்பாவைப் பார்த்தார். கூட வந்தவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, செருப்பை மாட்டாமலே கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா படத்தின் அருகில் போனார். சரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“யாரு மதி இத வரையச் சொன்னது?”

அப்பாவிடம் எனக்குப் பேச்சு வராமல் போனதே இல்லை. அன்றுதான் முதல் தடவை.

உள்ளிருந்து நர்ஸ் கூப்பிட்டார். “சபாபதி! சபாபதி வந்தாச்சா?”

“வந்துட்டாரு சிஸ்டர்! இங்கதான் இருக்காரு!” என்று கத்தினேன். நடைபாதையே திரும்பிப் பார்த்தது.

அப்பா என் கக்கத்திலிருந்த ஆஸ்பத்திரி பைலை உருவினார். அதைக் குத்துவிளக்கின் பக்கத்தில் தரையில் வைத்தார். ஊசி குத்துவதற்காகச் சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.