வளையம் உள்ளே, முள் வெளியே

ஒன்பது மாதத்துக்குப் பிறகு அக்கா ஏரிக்குப் போக வேண்டும் என்றாள். சிகிச்சை முடிந்துவிட்டது. ஆனால் மருந்து அவள் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்திருந்தது. சட்டைப் பொத்தானைக்கூடக் கண்ணாடி பார்த்துத்தான் போடுகிறாள். தூண்டில் முள்ளில் முடிச்சுப் போடுவது எங்கே?

“நீ கட்டிக் குடு. மீன நான் பிடிச்சுக்கறேன். பக்கத்துல வந்து நிக்கக் கூடாது.”

“தூரமா?”

“என் கண்ணுக்குத் தெரியாத தூரம்னா நில்லு. ஆனா ஒண்ணு, இந்தத் தடவையும் சிக்கலோட மல்லுக்கட்டணும்னா, தூண்டில் கோலை யாருக்காவது குடுத்துடுவேன்.”

சொன்னால் செய்துவிடுவாள். முன்பெல்லாம் கட்டிய தூண்டில்களைப் பிஸ்கட் டப்பாவில் அப்படியே போட்டு வைப்பாள், திறந்தால் குருவிக்கூடு.

நான் ஏசி பழுதுபார்க்கும் மாலை வகுப்பில் படிக்கிறேன். குழாய்க்குப் போடும் கறுப்பு ஸ்பாஞ்சில் மிச்சத் துண்டுகள் கேட்டு வாங்கினேன். விரல் நீளத்தில் பன்னிரண்டு உருளைகள். ஒவ்வொன்றிலும் சுற்றி வைக்க ஒரு தூண்டில்: இரண்டடி நைலான் நரம்பு, ஒரு முனையில் முள், நடுவில் ஈயக்குண்டு, மறுமுனையில் வளையம். கோலின் நரம்பில் இருக்கும் கொக்கியில் அந்த வளையத்தை மாட்டினால் போதும். மாட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று வளையத்தைக் கட்டைவிரல் நுழையும் அளவுக்குப் போட்டேன். முடிச்சுகளை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். நான்காவது முறையும் பார்த்தேன்.

சுற்றும்போது வகுப்பு ஆசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது: முதலில் வேலைக்கு வரும் முனையைக் கடைசியில் சுற்று. தூண்டிலில் வேலை செய்வது யார்? முள்தானே. அதனால் வளையத்தை அடியில் வைத்துச் சுற்றி, கடைசியில் முள்ளை ஸ்பாஞ்சில் குத்தினேன். பன்னிரண்டும் அச்சில் வார்த்தது போல இருந்தன.

ஞாயிறு காலை மடக்கு நாற்காலியை அக்காவுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு மரத்தின் பின்னால் போனேன். அவள் ஒரு உருளையை எடுத்தாள். வளையத்தைத் தேடினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீருக்குப் போகும் முன் கோலில் மாட்ட வேண்டியது வளையம். அதுதான் முதல் வேலை. அதை அடியில் புதைத்து, உணர்வில்லாத விரல்களுக்கு முள்ளைக் கொடுத்திருக்கிறேன்.

ஓடினேன்.

“கண்ணுக்குத் தெரியாத தூரம்னேன்!”

“ரத்தம் வருதுக்கா.”

“எங்க?”

எந்த விரல் என்றே அவளுக்குத் தெரியவில்லை. நான் தொட்டுக் காட்டினேன். என் கைக்குட்டையைச் சுற்றிவிட்டேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கிளம்புவதற்காகத் தூண்டில் பையின் ஜிப்பை மூடத் தொடங்கினாள்.

“தப்பு என்னுதுக்கா. தலைகீழா சுத்திட்டேன். பன்னிரண்டும்.”

“பன்னிரண்டுமா?”

“ஒண்ணு விடாம.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தப்பைக்கூட எவ்ளோ ஒழுங்கா செஞ்சிருக்கா பாரு, இன்ஜினீயரம்மா.”

“நீ உருளையப் பிடி. முள்ளு என்கிட்ட இருக்கட்டும்.”

ஜிப் பாதியில் நின்றது. அவள் உருளையை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டாள். நான் முள்ளைப் பிடித்துப் பின்னால் நடந்தேன். அவள் உருட்ட உருட்ட நரம்பு ஒரு சிக்கலும் இல்லாமல் நீண்டது. கடைசிச் சுற்று விட்டதும் வளையம் அவள் மடியில் விழுந்தது. அதைக் கட்டைவிரலில் மாட்டி, கண்ணால் பார்த்தபடி கொக்கிக்குக் கொண்டுபோனாள். இரண்டு முறை தவறியது. நான் என் மறு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். மூன்றாவது முறை மாட்டிக்கொண்டது.

நான் முள்ளை விட்டதும் கோலை வீசினாள். ஈயக்குண்டு தொலைவில் விழுந்தது.

“வீட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் மாத்திச் சுத்திடறேன்க்கா,” என்றேன்.

தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்: “மாத்து. அடுத்த வாரம் நான் தனியா வரணும். ஒண்ணை மட்டும் இப்படியே விடு.”

“எதுக்கு?”

“நீ கூட வர்ற அன்னிக்கு.”